துணிபும் ஐயமும்: அன்றாட ஆங்கிலத்தின் துணிபடைகள்

1. பொருளும் வரையறையும்

நாளைய கூட்டத்துக்குத் தலைவர் வருவாரா என்று கேட்டால், ஆங்கிலம் பேசுபவர் ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். 'ப்ராபப்ளி' என்பது ஒரு விடை. 'மேபி' என்பது வேறொரு விடை. 'டெஃபினிட்லி' என்றால் ஐயத்துக்கே இடமில்லை. 'ப்ரிஸ்யூமப்ளி' என்றால், 'எனக்கு யாரும் சொல்லவில்லை, வழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்' என்னும் குறிப்பு உடன் வருகிறது. 'ஸப்போஸட்லி' என்றால், 'வருவதாகச் சொல்கிறார்கள், எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை' என்னும் குறிப்பு. அகராதி இவ்வைந்தையும் வினையடை என்றே குறிக்கும். ஆனால் வருதல் என்னும் வினை எவ்வாறு நிகழும் என்பதை இவற்றுள் எதுவும் கூறவில்லை. விரைந்து வருவாரா, காலம் தாழ்த்தி வருவாரா என்பது இவற்றின் பொருள் அன்று. 'தலைவர் வருவார்' என்னும் செய்தி மெய்யாவது பற்றிப் பேசுபவர் எந்நிலையில் நிற்கிறார் என்பதே இவற்றின் பொருள்.

இச்சொற்களை இக்கட்டுரையில் துணிபடை என்று வழங்குவோம். ஐயம் நீங்கி ஒன்றை இன்னதென்று கொள்ளும் மனநிலை துணிபு. சார்ந்து நின்று சிறப்பிப்பது அடை. ஆகவே, ஒரு செய்தி மெய்யாதல் பற்றிப் பேசுவோர் கொண்ட துணிபின் அளவையும், சில இடங்களில் அத்துணிபு பிறந்த வழியையும், செய்தி முழுமைக்கும் மேல் நின்று உணர்த்தும் சொல் துணிபடை ஆகும். 'முழுமைக்கும் மேல் நின்று' என்னும் தொடரே இவ்வரையறையின் உயிர். இச்சொல் வாக்கியத்தின் ஓர் உறுப்பைச் சிறப்பிப்பதில்லை. வாக்கியம் கூறும் செய்தியைப் பேசுபவர் எந்த அளவுக்குப் பொறுப்பேற்று நம் கையில் தருகிறார் என்பதைத் தெரிவிக்கிறது.

இத்தகைய பகுப்பு தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. தொல்காப்பிய இடையியல் 'கொல்' என்னும் இடைச்சொல்லுக்கு ஐயத்தையும், 'மன்ற' என்பதற்குத் தேற்றத்தையும் பொருளாகக் கூறுகிறது. ஐயமும் தேற்றமும் வினையின் பண்புகள் அல்ல, பேசுவோனின் நிலைகள் என்னும் தெளிவு அப்பகுப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஆங்கில இலக்கணத்தில் இவ்வடைகளை வினையடைகளிலிருந்து பிரித்து விரிவாக ஆராய்ந்த நூல்களுள் சிட்னி க்ரீன்பாம் 1969இல் வெளியிட்டது முதன்மையானது. 1985இல் குவர்க், க்ரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரும் எழுதிய பேரிலக்கணம் அப்பிரிவினையை நிலைநிறுத்தியது.

ஆங்கிலம் கற்பிக்கும் நூல்கள் பலவும் துணிபடைகளை ஓர் ஏணியாக வரைந்து காட்டும். உச்சியில் 'செர்ட்டன்லி', நடுவில் 'ப்ராபப்ளி', அடியில் 'பாஸிப்ளி'. இவ்வேணி பொய்யன்று, ஆனால் குறையுடையது. ஒவ்வொரு துணிபடையும் எவ்வளவு என்பதோடு, எங்கிருந்து அறிந்தேன், எப்பக்கம் நோக்குகிறேன், யார் முன் சொல்கிறேன் என்பனவற்றுள் ஒன்றையேனும் சேர்த்துச் சொல்கிறது. அளவு ஒன்றை மட்டும் கற்றவர் சொல்லைச் சரியான படியில் வைத்தும் பிழைபடுவார். அது எவ்வாறு என்பதை இனி வரும் பகுதிகளில் நிறுவுவோம்.

2. அண்டை இனங்கள்

துணிபடையோடு மயங்கக்கூடிய இனங்கள் இரண்டு. முதலாவது, செயல்முறையை உணர்த்தும் அடை. இரண்டும் ஒரே வடிவில் வருவதும் உண்டு. 'ஹோப்ஃபுல்லி' என்னும் சொல் பழைய வழக்கில் நம்பிக்கை ததும்பக் காத்திருந்தாள் என்பது போலச் செயலின் தன்மையைச் சொன்னது. மழை வராது என்று நம்புவோம் என்னும் பொருளில் அதை வாக்கியத்தின் மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கம் பரவியபோது, 1960களிலும் 1970களிலும் மொழித்தூய்மை கருதுவோர் கடுமையாக எதிர்த்தனர். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக் கையேடு 2012இல்தான் அவ்வழக்கை ஏற்றுக்கொண்டது. இவ்வெதிர்ப்பு நீண்ட காலம் நீடித்தது வியப்புக்குரியது. 'ப்ராபப்ளி'யும் 'அப்பேரன்ட்லி'யும் அதே இடத்தில் அதே பணியைச் செய்துவந்தபோது அவற்றை யாரும் குறை கூறவில்லை. இலக்கண வகையை உணராமல் தனிச்சொல்லைப் பழித்ததற்கு இது தக்க சான்று.

இரண்டாவது இனம் நிகழ்வெண்ணை, அதாவது எத்தனை முறை நிகழ்கிறது என்பதை உணர்த்தும் அடை. 'யூஷுவலி', 'மோஸ்ட்லி', 'சம்டைம்ஸ்' போன்றவை இவ்வினத்தன. இவை உலகத்தைப் பற்றிய கணக்கு. துணிபடையோ மனத்தைப் பற்றிய கணக்கு. தமிழ்வழி ஆங்கிலத்துக்கு வருவோர் இடறும் இடம் இதுவே. நம் 'பெரும்பாலும்' இரண்டையும் தாங்குகிறது. 'அவர் பெரும்பாலும் காலையில்தான் வருவார்' என்றால் நிகழ்வெண். 'நாளைக்கு அவர் பெரும்பாலும் வந்துவிடுவார்' என்றால் துணிபு. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், 'மோஸ்ட்லி ஐ வில் கம் டுமாரோ' என்னும் வாக்கியம் நம்மிடையே எளிதாகப் பிறக்கிறது. இந்தியரிடையே பொருள் விளங்கிவிடும். பிற நாட்டவர் செவிக்கு, ஒரே ஒரு நாளைய வருகை எப்படிப் பல முறை நிகழ முடியும் என்ற குழப்பமே மிஞ்சும். அங்கே வேண்டிய சொல் 'ப்ராபப்ளி'.

பிரித்தறியும் சோதனைகள் மூன்றைக் கூறலாம். துணிபடை, ஆம் இல்லை என்னும் வினாவுக்குத் தனித்து விடையாகும். ஒரு சிலவற்றைத் தவிர, அது மறுப்புச் சொல்லின் ஆட்சிக்கு உட்படாது. 'ப்ராபப்ளி நாட்' என்பது வழக்கு, 'நாட் ப்ராபப்ளி' என்பது வழக்கன்று. வினா வாக்கியத்துக்குள்ளும் அது இயல்பாக நுழைவதில்லை. 'இஸ் ஹி ப்ராபப்ளி கமிங்' என்று கேட்பார் இலர். தன் துணிபைத் தெரிவிக்கும் சொல்லைப் பிறர் துணிபை வேண்டி நிற்கும் வாக்கியத்தில் வைப்பது பொருந்தாமையே காரணம்.

3. சொற்பிறப்பு

துணிபடைகளின் வேர்களை ஆராய்ந்தால், அவை வெவ்வேறு உலகங்களிலிருந்து வந்து ஓரிடத்தில் கூடியவை என்பது புலப்படும்.

ஒரு கூட்டம் நற்பேறு, தற்செயல் என்னும் கருத்திலிருந்து வந்தது. 'பெர்ஹாப்ஸ்' என்பதன் உள்ளே இருக்கும் 'ஹாப்' பழைய நார்ஸ் மொழியில் பேறு, தற்செயல் என்று பொருள்படும் சொல். நிகழ்தலைக் குறிக்கும் 'ஹாப்பன்', மகிழ்ச்சியைக் குறிக்கும் 'ஹாப்பி' இரண்டும் அதே வேரினவே. ரோமானிய மொழிக் குடும்பத்து முன்னொட்டு ஒன்றை அதன் தலையில் சேர்த்தே 'பெர்ஹாப்ஸ்' பிறந்தது. அதற்கு முன் 'பெர்சான்ஸ்', 'பெரட்வென்ச்சர்' என்னும் பிரெஞ்சு வழிச் சொற்கள் வழங்கின. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பில், சோதோம் நகரத்தைக் காக்க ஆபிரகாம் இறைவனிடம் மன்றாடும் இடம் புகழ்பெற்றது. 50 நல்லோர் இருந்தால் என்று தொடங்கி, படிப்படியாக 10 பேர் வரை அவர் குறைத்து வரும்போது, ஒவ்வொரு படியிலும் 'பெரட்வென்ச்சர்' என்னும் சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு துணிபடை இவ்வளவு பணிவும் அச்சமும் சுமந்து நிற்கும் இடம் ஆங்கிலத்தில் வேறு உண்டோ என்று தோன்றும். இன்று அச்சொல் பேச்சில் இல்லை.

'மேபி'யின் வரலாறு எளியது. 'அது அவ்வாறு இருக்கலாம்' என்னும் சிறு வாக்கியம் சுருங்கி ஒரே சொல்லாயிற்று. பிரித்து எழுதினால் இன்றும் அது வாக்கியத்தின் பயனிலை. சேர்த்து எழுதினால் துணிபடை. நம் மாணவர் ஏடுகளில் இவ்விரண்டும் இடம் மாறி நிற்பதை அடிக்கடி காணலாம்.

'செர்ட்டன்' என்பதன் இலத்தீன் மூலம் சலித்தல், பிரித்தல் என்னும் வினையோடு தொடர்புடையது. சலித்து எடுத்து முடிவு செய்யப்பட்டது எதுவோ அதுவே உறுதி. 'ஷ்யூர்' என்பதன் மூலமோ கவலையின்மை. பாதுகாப்பைக் குறிக்கும் 'செக்யூர்' அதன் உடன்பிறப்பு. செய்தியைச் சலித்ததால் வரும் உறுதி ஒன்று, மனம் கவலையற்றிருப்பதால் வரும் உறுதி மற்றொன்று. இவ்வேறுபாடு இன்றைய வழக்கிலும் நிழலாகத் தொடர்வதை ஐந்தாம் பகுதியில் காண்போம்.

'ப்ராபப்ளி'யின் கதைதான் மிக ஆழமானது. சோதித்தல், ஒப்புதல் அளித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை அதன் வேர். மெய்ப்பித்தலைக் குறிக்கும் 'ப்ரூவ்', ஒப்புதலைக் குறிக்கும் 'அப்ரூவ்' ஆகியவை அதே குடும்பம். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கருத்து 'ப்ராபபிள்' என்றால், அது நிகழும் வாய்ப்பு மிகுதி என்று பொருளன்று. கற்றறிந்த பெரியோர் ஒப்பிய கருத்து என்றே பொருள். 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டப் பங்கீடு பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து நிகழ்தகவுக் கணிதம் தொடங்கியது என்பர். அதே பாஸ்கல் இரண்டு ஆண்டு கழித்து எழுதத் தொடங்கிய கடிதநூலில், பெரியோர் ஒருவர் ஒப்பினாலே போதும், அக்கருத்தைப் பின்பற்றலாம் என்ற இயேசு சபையாரின் அறக்கோட்பாட்டைக் கடுமையாகச் சாடினார். சொல்லின் பழம்பொருளை ஒரு கையால் தள்ளி, புதுப்பொருளுக்கு மறு கையால் வழிதிறந்தார் எனலாம். இம்மாற்றத்தை இயன் ஹாக்கிங் 1975இல் வெளியிட்ட நூல் நுணுக்கமாக ஆராய்கிறது. சான்றோர் சொல் என்னும் நிலையிலிருந்து எண்ணிக்கை என்னும் நிலைக்கு ஒரு சொல் நடந்து வந்த வழி அது.

தமிழில் நிகழ்ந்தது வேறு. 'ஒருவேளை', 'ஒருகால்' இரண்டும் காலத்தைக் குறித்த சொற்கள். ஒரு பொழுது நிகழ்வது நிகழக்கூடியது ஆயிற்று. 'அநேகமாக' என்பது பன்மையிலிருந்து வந்தது. ஒன்றல்லாதது, பல என்பதே அதன் வடமொழிப் பொருள். காலமும் தொகையும் நம் துணிபடைகளின் தாய்நிலம் ஆதலால்தான் நிகழ்வெண்ணும் துணிபும் நம்மிடம் எளிதில் கலக்கின்றன.

4. வலுவின் படிகள்

துணிபடை காட்டும் துணிபின் அளவை வலு என்போம். மொழியியலாளர் ஹாலிடே வலுவை மேல், நடு, கீழ் என மூன்றாகப் பகுத்தார். 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் நான்காகப் பகுக்கிறது. பின்னதையே நாம் தழுவுகிறோம். அதன் இரண்டாம் படி மிகப் பயனுடையது.

முதற்படி முழுவலு. 'செர்ட்டன்லி', 'டெஃபினிட்லி', 'க்ளியர்லி', 'அன்டவுட்டட்லி' முதலியவை இதில் அடங்கும். இரண்டாம் படி அரைமுழுவலு. 'அப்பேரன்ட்லி', 'எவிடன்ட்லி', 'ப்ரிஸ்யூமப்ளி', 'டவுட்லெஸ்', 'ஸீமிங்லி' என்பன இப்படியின. செய்தியை ஏற்றுக்கொண்டே, ஒரு சிறு கதவைத் திறந்து வைப்பவை இவை. மூன்றாம் படி இடைவலு. 'ப்ராபப்ளி', 'லைக்லி', 'ஆர்கியுவப்ளி'. நான்காம் படி மென்வலு. 'மேபி', 'பெர்ஹாப்ஸ்', 'பாஸிப்ளி', 'கன்ஸீவப்ளி'.

ஒரே வேரில் கிளைத்த சொற்கள் வேறு வேறு படிகளில் நிற்பது உண்டு. ஐயம் என்று பொருள்படும் 'டவுட்' என்னும் வேரைக் கொள்வோம். 'அன்டவுட்டட்லி' முழுவலு உடையது. 'டவுட்லெஸ்', 'நோ டவுட்' இரண்டும் எழுத்தளவில் ஐயமின்மையையே கூறினாலும், வழக்கில் 'என்று நினைக்கிறேன்' என்னும் அளவுக்கு இறங்கிவிட்டன. 'நோ டவுட் யூ ஆர் டயர்ட்' என்று ஒருவர் சொன்னால், நீங்கள் களைத்திருப்பீர்கள், சரிதான் என்று ஒப்புக்கொண்டு, அடுத்து ஓர் 'ஆனால்' வரப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. அகராதிப் பொருளை மட்டும் அறிந்தவர் இவ்விடத்தில் ஏமாறுவார்.

மென்வலுச் சொற்களுள் 'மேபி' பேச்சுக்கும், 'பெர்ஹாப்ஸ்' எழுத்துக்கும் சீர்மிகு பேச்சுக்கும் நெருக்கமானவை. அமெரிக்க உரையாடலில் 'மேபி'யின் ஆட்சி மிகுதி. 'லைக்லி'யிலும் அவ்வாறே ஒரு வேறுபாடு உண்டு. 'ஹி வில் லைக்லி கம்' என்று அதைத் தனியே அடையாக்குவது வட அமெரிக்க வழக்கில் இயல்பு. பிரித்தானியர் 'வெரி', 'மோஸ்ட்' என்னும் துணைச்சொல்லை முன்னிட்டே அதைப் பெரிதும் ஆள்வர்.

5. உறுதிச்சொல் உறுதியைக் குறைத்தல்

முழுவலுத் துணிபடைகளில் ஒரு முரண் உள்ளது. 'கதவு பூட்டியிருக்கிறது' என்பதை அடையின்றி ஆங்கிலத்தில் கூறுவதையும், 'செர்ட்டன்லி' சேர்த்துக் கூறுவதையும் ஒப்பிடுவோம். எதில் உறுதி மிகுதி? அடையற்ற வாக்கியத்திலேயே. கண்டு வந்தவனுக்கு அடை வேண்டியதில்லை. 'செர்ட்டன்லி' வந்தவுடன், ஐயம் ஒன்று எங்கோ எழுந்தது, அதற்கு விடையாக இது சொல்லப்படுகிறது என்று கேட்பவர் உணர்கிறார். உறுதியாக இல்லாதபோதே உறுதி என்று சொல்கிறோம் என்று ஹாலிடே இதை எடுத்துக்காட்டினார். ஆகவே துணிபடைகளின் ஏணிக்கு உச்சிப்படி ஏணியிலேயே இல்லை. அது வெற்று வாக்கியம்.

இக்கொள்கைக்கு நடைமுறைச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை மழை வாய்ப்பைச் சொல்லாலும் குறிக்கிறது. 20 விழுக்காட்டுக்குச் சிறு வாய்ப்பு, 30 முதல் 50 வரை வாய்ப்பு, 60, 70க்கு 'லைக்லி'. 80ஐ எட்டினால் எந்த அடையும் இல்லை. மழை என்று மட்டும் எழுதிவிடுவார்கள்.

'ஷ்யூர்லி' இம்முரணின் எல்லை. வடிவில் அது உறுதிச்சொல். பிரித்தானிய வழக்கிலோ அது கேட்பவரை நோக்கிய மன்றாட்டு. கொட்டும் மழையில் வெளியே புறப்படுபவரிடம் 'ஷ்யூர்லி யூ ஆர் நாட் கோயிங் அவுட்' என்றால், 'இந்த மழையிலா போகப்போகிறீர்கள், இருக்காது அல்லவா' என்பது கருத்து. தான் நம்ப விரும்புவது மெய்யல்ல என்பதற்கு எதிரே சான்று நிற்கும்போது எழும் சொல் அது. 'கண்டிப்பாக வருகிறேன்' என்பதை 'ஐ வில் ஷ்யூர்லி கம்' என்று நாம் பெயர்ப்பது இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு. அதைப் பிழை என்று ஒதுக்குவது பொருந்தாது. ஆனால் பிரித்தானியர் ஒருவருக்கு எழுதும் கடிதத்தில், வாக்குறுதி கொடுக்கும் இடத்தில் 'செர்ட்டன்லி', 'டெஃபினிட்லி' இரண்டுமே தக்கவை. சலித்தெடுத்த உறுதியும் கவலையற்ற உறுதியும் வேர்நிலையிலேயே வேறுபட்டன என்று மேலே கண்டதை இங்கு நினைவுகொள்ளலாம்.

6. சான்றுவழி

துணிபு பிறந்த வழியைச் சான்றுவழி என்போம். அரைமுழுவலுப் படியில் நிற்கும் சொற்களின் தனிப்பொருள் பெரும்பாலும் வலுவில் இல்லை, சான்றுவழியில்தான் உள்ளது.

'எவிடன்ட்லி' கண்ட அடையாளத்திலிருந்து ஊகிப்பது. நனைந்த குடையைக் கண்டு வெளியே மழை என்பது அவ்வகை. 'ப்ரிஸ்யூமப்ளி' அடையாளமும் இன்றி உலக வழக்கிலிருந்து ஊகிப்பது. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் அலுவலகம் மூடியிருக்கும் என்பது போன்றது. 'அப்பேரன்ட்லி'க்கு இரு வழிகள். ஒன்று தோற்றம், மற்றொன்று கேள்வி. பிறர் சொல்லக் கேட்டதைத் தன் பொறுப்பின்றிக் கூறும் இரண்டாம் பொருளே இன்றைய உரையாடலில் மிகுதி. இதற்கு நேரான தமிழ் ஒரு தனிச்சொல் அன்று, ஒரு விகுதி. 'வந்தாராம்', 'போனாளாம்' என்பவற்றில் உள்ள 'ஆம்' அது. இரண்டரை மாத்திரையில் நாம் முடிக்கும் வேலைக்கு ஆங்கிலம் நான்கு அசைச் சொல்லொன்றைச் செலவிடுகிறது. தமிழிலிருந்து பெயர்ப்பவர் அந்த 'ஆம்' விகுதியைக் கைவிட்டு விடுவதால், கேள்விச் செய்தி நேரில் கண்ட செய்தியாக மாறிப்போவது பெருந்தீங்கு. வழக்குமன்ற ஆவணங்களையும் வாக்குமூலங்களையும் பெயர்க்கும் இடத்தில் இக்கவனம் இன்றியமையாதது.

'ரிப்போர்ட்டட்லி', 'ஸப்போஸட்லி', 'அலெஜட்லி' மூன்றும் கேள்வி வழியினவே, மனச்சாய்வில் வேறுபடுவன. முதலாவது நடுநிலை. இரண்டாவது அவநம்பிக்கை. மூன்றாவது குற்றச்சாட்டுக்கு உரியது. இன்னும் நிறுவப்படாதது என்னும் குறிப்பு உடையது. செய்தித்தாள் நடையில் 'அலெஜட்லி' ஒரு காப்புச்சொல்லாகவே கருதப்படுகிறது. ஆங்கிலேயச் சட்டம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. பிறர் கூறிய அவதூற்றை அவர் கூறியதாகச் சொல்லித் திரும்பக் கூறுவதும் தன்னளவில் அவதூறே என்னும் விதி அங்கே நெடுங்காலமாக உண்டு. இலக்கணம் தரும் விலகலைச் சட்டம் ஏற்க வேண்டும் என்பதில்லை.

7. இடமும் மறுப்பும்

'ப்ராபப்ளி' முதல் துணைவினைக்குப் பின், முதன்மை வினைக்கு முன் நிற்பது இயல்பு. 'ஹி வில் ப்ராபப்ளி கம்' என்பதே உரையாடல் வழக்கு. 'மேபி' வாக்கியத்தின் தலையில் நிற்கும். தமிழில் 'ஒருவேளை', 'அநேகமாக' இரண்டும் பெரும்பாலும் முதலில் வருவதால், நம்மவர் 'ப்ராபப்ளி'யையும் முதலில் இடுவர். பிழையில்லை, ஆயினும் ஐயம் முன்னே வந்து நின்று செய்தியைப் பின்தள்ளிவிடும். சுருங்கிய மறுப்புத் துணைவினை வந்தால் இடம் மாறும். 'ஹி ப்ராபப்ளி வோன்ட் கம்' என அடை முன்னேறிவிடும். வாக்கிய இறுதியில் வரும்போது அது பின்னர் எழுந்த எண்ணத்தின் குறி. சொன்னதைச் சற்று மீட்டுக்கொள்ளும்.

மறுப்போடு சேரும்போது படிகள் நடந்துகொள்ளும் விதம் ஹாலிடேயின் மற்றொரு நுண்காட்சி. நடுப்படியில் மறுப்பை எங்கே வைத்தாலும் பொருள் பெரிதும் மாறாது. வராமல் இருக்கும் வாய்ப்பு மிகுதி என்பதும், வரும் வாய்ப்பு மிகுதியன்று என்பதும் நடைமுறையில் ஒன்றே. மேல், கீழ்ப் படிகளிலோ மறுப்பு இடம் பெயர்ந்தால் படியும் பெயர்ந்துவிடும். வராமலும் இருக்கலாம் என்பது, வருவது உறுதியன்று என்பதற்குச் சமம்; வருதல் இயலாது என்பதோ முற்றிலும் வேறு. 'பாஸிப்ளி நாட்' என்றால் மென்வலு மறுப்பு. 'கான்ட் பாஸிப்ளி' என்றால் மறுக்கவே இயலாத மறுப்பு. ஏணியின் அடியில் இருந்த சொல் 'கான்ட்' என்னும் துணைவினை முன்வந்து சேர்ந்தவுடன் மறுபுறத்து உச்சிக்குத் தாவிவிடுகிறது. துணிபடைகளின் இலக்கணத்தில் இதைவிட அழகிய பகுதி இல்லை என்பது நம் கருத்து.

8. எண்ணால் அளத்தல்

துணிபடைகளுக்கு எண் வரையறை வேண்டும் என்ற வேட்கை உளவுத்துறையில் எழுந்தது. 1951இல், அவ்வாண்டில் யூகோஸ்லாவியா படையெடுப்புக்கு உள்ளாகுமா என்பது பற்றி அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று வெளியானது. தாக்குதலைக் கருத்தில் கொள்ள வேண்டிய வாய்ப்பு உண்டு என்னும் பொருளுடைய தொடர் அதில் இருந்தது. அது துணிபடை அன்று, பெயர்த்தொடர். ஆயினும் சிக்கல் ஒன்றே. அதைத் தயாரித்தவர்களுள் ஒருவரான வரலாற்றாசிரியர் ஷெர்மன் கென்ட் 65க்கு 35 என்று கருதியிருந்தார். வெளியுறவுத்துறை அதிகாரி ஒருவர் அதைவிட மிகக் குறைவாகப் புரிந்துகொண்டிருந்தது தெரிந்ததும், தம் குழுவினரையே கேட்டார். ஒருவர் 20க்கு 80 என்றார்; மற்றொருவர் 80க்கு 20 என்றார். ஒரே தொடருக்கு அனைவரும் கையொப்பம் இட்டிருந்தனர்.

1964இல் கென்ட் எழுதிய கட்டுரை சொற்களுக்கு எண் எல்லை வகுத்தது. ஏறத்தாழ உறுதி என்பதற்கு 93, இருபுறமும் 6. நிகழக்கூடியது என்பதற்கு 75, இருபுறமும் 12. சமவாய்ப்புக்கு 50, இருபுறமும் 10. 'ப்ராபப்ளி நாட்' என்பதற்கு 30, இருபுறமும் 10. ஏறத்தாழ இல்லை என்பதற்கு 7, இருபுறமும் 5. இப்பட்டியலை உற்று நோக்கினால் ஒன்று தெரியும். உடன்பாட்டுச் சொல் நடுவிலிருந்து 25 விலகி நிற்க, அதன் மறுப்பு 20 மட்டுமே விலகி நிற்கிறது. மேற்பக்கத்தில் 87இல் இரு எல்லைகளும் தொட்டுக்கொள்ள, கீழ்ப்பக்கத்தில் 12க்கும் 20க்கும் இடையே பெயரற்ற வெளி இருக்கிறது. கணித ஒழுங்குக்காக வகுத்த பட்டியலிலும் மொழியின் சமச்சீரின்மை கசிந்து வந்திருக்கிறது.

காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையேயான குழு 2001 அறிக்கையிலிருந்து இத்தகைய முறையைக் கையாள்கிறது. இன்றைய வரையறையில் 'லைக்லி' என்றால் 66 விழுக்காட்டுக்கு மேல், 'வெரி லைக்லி' என்றால் 90க்கு மேல், 'வெரி அன்லைக்லி' என்றால் 10க்குக் கீழ். டேவிட் புடெஸ்குவும் அவர் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, வரையறை கையில் இருந்தும் படிப்பவர்கள் இச்சொற்களை நடுப்பகுதியை நோக்கி இழுத்தே பொருள்கொண்டனர் என்று காட்டியது. 90க்கு மேல் என்று சொன்னதை அதைவிடக் குறைவாகவும், 10க்குக் கீழ் என்றதை அதைவிட மிகுதியாகவும் கருதினர். சொல்லோடு எண்ணையும் ஒவ்வோர் இடத்திலும் சேர்த்தெழுதுதலே அவர்கள் முன்வைத்த தீர்வு. அன்றாடச் சொல்லைக் கலைச்சொல்லாக்கி விட்டோம் என்று அறிவிப்பதால் மட்டும் அதன் அன்றாடப் பொருள் படிப்பவர் மனத்தை விட்டு நீங்குவதில்லை.

9. முகநோக்கு

வலு ஒன்றாக இருந்தும் பொருள் வேறுபடுவதற்குச் சான்றுவழி ஒரு காரணம் என்றோம். மற்றொரு காரணத்தை முகநோக்கு என்போம். நிகழ்தலின் பக்கம் முகம் திருப்பிப் பேசுகிறோமா, நிகழாமையின் பக்கம் திருப்பிப் பேசுகிறோமா என்பது அது. நார்வே உளவியலாளர் டைகனும் ப்ரூனும் 1995இல் இதை ஆராய்ந்தனர். 30 விழுக்காடு என்னும் ஒரே அளவைக் 'கொஞ்சம் வாய்ப்பு உண்டு' என்றும் கூறலாம், 'உறுதியில்லை' என்றும் கூறலாம். முன்னதைக் கேட்பவர் அடுத்து நிகழ்வதற்கான காரணங்களை எதிர்பார்ப்பார். பின்னதைக் கேட்பவர் நிகழாமைக்கான காரணங்களை எதிர்பார்ப்பார். மருந்து பயன்தரக்கூடும் என்று சொன்னால் நோயாளி அதை உட்கொள்ள முற்படுவார்; பயன் தருவது ஐயத்துக்குரியது என்றால் மறுப்பார். எண் மாறவில்லை. 'பாஸிப்ளி', 'பெர்ஹாப்ஸ்' முதலிய மென்வலுச் சொற்கள் எவ்வளவு தாழ்ந்த படியில் நின்றாலும் நிகழ்தலை நோக்கியே நிற்கின்றன. 'நாட் நெசஸரிலி' அவற்றைவிடப் பலமடங்கு திறந்த விடையாகத் தோன்றினும், நிகழாமையை நோக்கி நிற்கிறது.

10. கேட்போர் முன்

துணிபடை கேட்பவரின் மனத்தையும் கருதியே பேசப்படும். பிரான்ஸ், பிரித்தானிய ஆய்வாளர்களான பொன்ஃபோனும் வில்ஷுபெரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் ஒருவர் நோயாளியிடம் உமக்கு விரைவில் 'பாஸிப்ளி' தூக்கமின்மை வரும் என்று கூறுவதும், 'பாஸிப்ளி' செவிடு வரும் என்று கூறுவதும் ஒப்பிடப்பட்டன. கொடிய செய்தியில் அதே சொல்லைக் கேட்டவர்கள், அதை ஐயமாகக் கொள்ளாமல் மனம் நோகாமல் சொல்லும் நயமாகக் கொண்டனர். ஆதலால் அந்நோய் வரும் வாய்ப்பை மிகுதியாக மதித்தனர். தணித்துச் சொன்ன சொல் அச்சத்தைக் கூட்டிவிட்டது. மருத்துவத்திலும் சட்டத்திலும் துணிபடைகளை ஆள்பவர், தாம் ஐயத்தைச் சொல்கிறோமா, நயத்தைச் சொல்கிறோமா என்பதைக் கேட்பவருக்குப் பிரித்துக் காட்டும் கடமை உடையவர்கள்.

இந்நயம் முதிர்ந்து பொருளையே முழுதும் மாற்றிவிட்ட இடம் ஒன்று உண்டு. 'குட் யூ பாஸிப்ளி' என்று தொடங்கி உதவி கேட்கும்போது, கதவைத் திறக்க உம்மால் இயலுமா என்னும் துணிபை யாரும் ஆராய்வதில்லை. வினா வாக்கியத்துக்குள் துணிபடை இயல்பாக நுழையாது என்று இரண்டாம் பகுதியில் கூறினோம். இங்கே அது தடையின்றி நுழைகிறது. மெய்யாவது பற்றிய செய்தி எதுவும் இவ்வாக்கியத்தில் இல்லாததால் இது நம் வரையறைக்குள் அடங்காது. 'ப்ளீஸ்' என்பதோடு சேர்த்து, வேண்டுகோள் சொற்களின் இலக்கணத்தில் வைத்தே இதை ஆராய வேண்டும்.